இறுகாத கடலும் இரண்டு படகுகளும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளே, மாடலில் தண்ணீர் செய்வது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ரெசினில் எதை எவ்வளவு கலப்பது, குமிழியை எப்படி எடுப்பது, அலைக்கு எந்தப் பசை, எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வாயைத் திறக்காமல் ஒரு அருவியையே செய்து காட்டிவிட்டுப் போகிறார். எங்கள் காலத்தில் ஒரு குளம் செய்து முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. ரெசின் என்பது தேன் பதத்தில் ஊற்றினால் கண்ணாடியாக இறுகுகிற சாமான். ஊற்றிய பிறகு அது இறுகும்வரை எல்லோரும் அந்தத் தண்ணீரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். அது பாட்டுக்கு இறுகும். அந்த நேரத்தில் கண் வைக்க வேண்டியது சுற்றி நிற்கிற மனிதர்கள் மேல். இதை நான் ஒரு மாசி மகத்துக்கு முந்தின நாள் கற்றுக்கொண்டேன்.

அப்போது எங்கள் பட்டறை முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது. ஊரையும் கடலையும் கட்டில் அளவுக்குச் சுருக்கி மாடல் செய்வோம். முதலாளியை எல்லோரும் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மெதுவாக என்பதற்கு பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, துஸ்மா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் பிழைப்பை ஓட்டினார் என்று சொல்லலாம். ரெசின் ஊற்றும்போதும் துஸ்மா, டீ ஊற்றும்போதும் துஸ்மா. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் பின்னாலிருந்து "துஸ்மா, செல்வி, துஸ்மா" என்பார். பஸ் போய்விடும்.

தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாய்தான் அவருக்கு எதிரி. லாஸ்பேட்டை பக்கம் ஒரு பில்டருக்கு அடுக்குமாடி மாடல் செய்து கொடுத்தோம். அதிலிருந்த நீச்சல் குளத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. பில்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, ஈகூட நெசத் தண்ணின்னு ஏமாந்துடுச்சு!" என்று ஆபீசையே கூப்பிட்டுக் காட்டினார். பேசாமல் இருக்க வேண்டியதுதானே? முசே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏமாறல சார். இன்னும் சரியா காயல, ஒட்டிக்கிச்சு" என்றார். அந்த பில்டர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். நோணாங்குப்பம் தாண்டிக் கடலோரத்தில் ஒரு மீனவ கிராமம். பெயர் வேண்டாம், இன்னும் எனக்கு அங்கே சாப்பாடு உண்டு. வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டே தெரு. மாசி மகத்தன்று அம்மனைப் படகில் ஏற்றி, அலை தாண்டி ஒரு சுற்று கொண்டுபோய்க் கடலில் நீராட்டிக் கொண்டுவருவது அந்த ஊர் வழக்கம். எந்தத் தெருப் படகில் ஏற்றுவது என்பதில் ஆரம்பித்த சண்டை, அம்மனைக் கோயிலை விட்டே கிளப்ப முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவுக்குள் கால் வைப்பதில்லை. கல்யாணம் இல்லை, சாவு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை.

அந்த வருடம் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு சமாதானம் செய்தார்கள். அம்மன் எந்தப் படகிலும் ஏற வேண்டாம், கரையிலேயே இருக்கட்டும். தெருவுக்கு ஒரு படகு, பூவும் கொடியும் மட்டும் ஏற்றிக்கொண்டு, சரிக்குச் சரியாக, நடுவில் இடைவெளி விட்டுக் கடலுக்குப் போய் வரட்டும். இந்தத் திருவிழா சண்டையில்லாமல் நடந்து முடிந்தால் மறுநாளிலிருந்து இரு தெருவுக்கும் போக்குவரத்து.

இந்த ஏற்பாட்டை அப்படியே மாடலாகச் செய்து சமுதாயக் கூடத்தில் வைக்க வேண்டும் என்றுதான் எங்களிடம் வந்தார்கள். வடக்குத் தெருத் தலைவர் ஏழுமலை விஷயத்தை விளக்கினார். "பேப்பர்ல எழுதினா நாளைக்கே கிழிச்சுடுவானுங்க. நீங்க ஊத்துறது கல்லாட்டம் ஆயிடுமாமே? அதுல எழுதிக் குடுங்க." தெற்குத் தெருத் தலைவர் கலியமூர்த்தி தலையாட்டினார். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஊற்றிய கடலை வண்டியில் ஏற்றினால் விரிசல் விடும் என்பதால், கரை, மணல், கோயில், ஜனங்கள் எல்லாவற்றையும் பட்டறையில் செய்து எடுத்துப்போய், கடைசிப் பூச்சுத் தண்ணீரை மட்டும் சமுதாயக் கூடத்திலேயே ஊற்றினோம். திருவிழாவுக்கு முந்தின நாள் காலை. முன்னால் கரை, பின்னால் கடல், அதற்கும் பின்னால் பலகையில் வரைந்த வானம். கரையில் கட்டைவிரல் உயரத்துக்கு அம்மன். மறுநாள் காலை பூசை செய்துதான் ஒட்ட வேண்டும் என்று பூசாரி சொல்லியிருந்ததால் அம்மனை மட்டும் ஒட்டாமல் வைத்திருந்தோம்.

படகுகளை வைத்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கரையோரத் தண்ணீரில் இடப்பக்கம் வடக்குத் தெருப் படகு, வலப்பக்கம் தெற்குத் தெருப் படகு. இரண்டு மூக்குக்கும் குறுக்கே ஒரு நூலைப் பிடித்தார்கள். ஒரு முனை ஏழுமலை கையில், மறுமுனை கலியமூர்த்தி கையில். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கலியமூர்த்தி குனிந்து பார்த்தார். "அவங்க கொடி முன்னாடி நீட்டிக்கினு இருக்குது" என்றார். கொடியை நறுக்கினோம். "இப்ப இவங்க பூமாலை நீட்டிக்கினு இருக்குது" என்றார் ஏழுமலை. மாலையையும் நறுக்கினோம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் படகில் துடுப்புகூட மிஞ்சியிருக்காது.

எல்லாம் நூல் பிடித்து வைத்து முடித்தபோது, ஊர் மொத்தமும் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கண்டால் முசேவுக்குப் பேச வேண்டும். பேசினார்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. இது சாயந்திரம் வரைக்கும் கொழகொழன்னுதான் இருக்கும். ஒத்த விரலால தள்ளினாக்கூட படகு நகரும். அதனால யாரும் உள்ள வரக்கூடாது. சாயந்திரத்துக்கு மேல அந்த பிரம்மாவே வந்தாலும் அசைக்க முடியாது. அப்ப எப்படி இருக்குதோ, அதான் காலத்துக்கும்."

ஊரே கவனமாகக் கேட்டுக்கொண்டது. அவ்வளவு கவனமாக ஒரு ஊர் கேட்டு நான் பார்த்ததில்லை. முசே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பூட்டு கிடையாது. பூட்டினால் சாவி எந்தத் தெருவிடம் இருப்பது என்று அடுத்த பஞ்சாயத்து ஆரம்பிக்கும் என்பதால் அந்தக் கூடத்துக்குப் பூட்டே வாங்கவில்லை.

எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டது அஞ்சலை அக்கா. தெற்குத் தெரு. டவுன் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். இந்தச் சமாதானத்துக்காக இரண்டு தலைவர்களையும் விரட்டி விரட்டிப் பேச வைத்தவரும் அவர்தான் என்று ஊரில் சொன்னார்கள். "நாளைக்கு கவுச்சி கெடையாது. இன்னிக்கே நல்லா சாப்ட்டுக்கோங்க" என்று சங்கரா மீன் குழம்பை ஊற்றினார். முசே வழக்கம்போல "துஸ்மா" என்றார், மெதுவாக என்று அர்த்தம் என்று நான் விளக்கினேன். அக்கா பரிமாறிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, வறுப்பதற்கு இன்னும் நாலு மீனை ஆயத் தொடங்கினார்.

"ஏன்க்கா இவ்வளவு மெனக்கெட்டீங்க?" என்று கேட்டேன்.

"எம்பொண்ணு மலரு இந்தச் சண்டைக்கு முன்னாடியே வடக்குத் தெருவுல வாக்கப்பட்டுட்டா. இதோ, இங்கேர்ந்து கூப்ட்டா கேக்குற தூரம். புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரியில பேரனைப் பாத்தது. அதோட சரி. அவன் அழுவுறது எனக்கு இங்க கேக்குது, செல்வி. தூக்க முடியல."

முசே குழம்புக்கு நீட்டிய தட்டைக் கீழே வைத்தார்.

"சரி, அம்மன் எதுக்கு கரையிலயே இருக்கணும்? ரெண்டு தெருவுக்கும் சண்டைன்னா அவ இன்னா பண்ணா பாவம்? வருசத்துக்கு ஒருநாள் கடலுக்குப் போறவ" என்று அக்கா முணுமுணுத்தார். பிறகு தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். யாரோ கூடத்துப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது எனக்கும் தெரிந்தது. சட்டென்று மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "அப்பளம் இல்ல. கடையில வாங்கியாறேன், சாப்புடுங்க."

போனவர் நாங்கள் மோர் சாப்பிடும்போதுதான் வந்தார். கையில் அப்பளம் இல்லை. "கடை மூடிட்டான்" என்று சொல்லிக் கையைக் கழுவப் போய்விட்டார். நாங்கள் திரும்பிப் போகும் வழியில் முசே அதே கடையில்தான் பாக்கு வாங்கினார். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

கூடத்தை நெருங்கும்போதே என் நடை வேகமாகிவிட்டது. வடக்குத் தெருக்காரர் ஒருவர் கையில் பழைய காலண்டருடன் வெளியே வந்துகொண்டிருந்தார். "தேதி பாக்க வந்தேன்" என்றார். அவர் பின்னாலேயே தெற்குத் தெரு ஆள் ஒருவர் துடைப்பத்துடன் வந்தார். கேட்காமலே, "குப்பையா இருந்துச்சு" என்றார். வாசலில் இன்னும் இரண்டு பேர், மேளத்தை எடுத்துப்போக வந்ததாகச் சொன்னார்கள். மேளம் கோயிலில் அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். கடல் இருந்தது. படகுகள் கரைப் பக்கத்தில் இல்லை.

இரண்டும் கடலைத் தாண்டி வானத்துக்கே போய்விட்டன. ஒவ்வொரு தெருக்காரரும் வந்து தன் படகை ஒரு இழை முன்னால் தள்ள, அடுத்த தெருக்காரர் வந்து தன்னுடையதை அதற்கும் ஒரு இழை முன்னால் தள்ள, இப்படியே போட்டி போட்டுக்கொண்டு போய், வரைந்த வானத்தில் மூக்கு முட்டி நின்றுவிட்டன. அதிலும் சரிக்குச் சரியாக. அதோடு விட்டதா? விலாவோடு விலா ஒட்டிக்கொண்டு நின்றன. பின்னால் தண்ணீரில் நீளமாக இரண்டு தடம். யார் யார் எங்கே நிறுத்தினார்களோ அங்கெல்லாம் ஒரு வரப்பு.

"மோன் தியே" என்றார் முசே. கடவுளே என்று அர்த்தம். துஸ்மா என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.

அடுத்த நிமிடம் ஊர் கூடிவிட்டது. ஏழுமலையும் கலியமூர்த்தியும் கத்திய கத்தில் மாடலில் இருந்த ஜனங்கள் விழாமல் நின்றதே பெரிது.

"எவன்டா தள்ளினது?"

"உன் ஆளுங்கதான் வரிசை கட்டி உள்ள போனானுங்க!"

"உன் ஆளு மட்டும் இன்னா, சாமி கும்புடவா போனான்?"

அஞ்சலை அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ரெண்டு மூக்கும் நேராத்தானே இருக்குது? அப்ப ரெண்டு தெருவும் சமமாத்தான் திருடியிருக்கீங்க. விடுங்க."

கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் ஏழுமலை விடவில்லை. "தள்ளினது போவட்டும். நடுவுல இடம் விடணும்னு பேச்சு. எங்க படகுமேல வந்து இடிச்சிருக்கான் பாரு!" கலியமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். "நாங்க இடிச்சோமா? நீங்க வந்து உரசினீங்க!" கடைசியில் வந்து நின்ற இடம் எது என்றால், நாளைக்கு யாரும் கடலுக்குப் போக வேண்டாம், திருவிழாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை.

முசே என் காதருகே வந்தார். "இன்னும் முழுசா இறுகல செல்வி. பழைய இடத்துக்கே இழுத்துடலாம்." ஓரத்தில் ஒரு குச்சியை வைத்துப் பார்த்தேன். பாலாடை மாதிரி பிய்ந்து வந்தது. இழுத்தால் கடல் கிழியும். கிழிந்தால் மறுபடி ஊற்றக் கையில் ரெசின் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. எந்தப் படகை முதலில் பின்னால் இழுப்பது? முதலில் இழுக்கப்படுகிற படகின் தெரு அந்த ஒரு நொடி பின்தங்கி நிற்கும். அந்த ஒரு நொடிக்கு அங்கே மண்டை உடையும்.

தங்கைகளே, தம்பிகளே, நெருக்கடியில் நம் கை எதையாவது செய்யத் துடிக்கும். துடிக்கிற கையைக் கட்டுவதுதான் முதல் வேலை. "யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான் முசே" என்றேன். முதலாளியை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கையைக் கட்டிக்கொண்டு அந்த இரண்டு படகையும் பார்த்தேன். ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு படகு. இப்படி நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஏழுமலையிடம் திரும்பினேன்.

"ஐயா, ஒரு படகு தாங்காத சாமானைக் கடல்ல கொண்டுபோவணும்னா இன்னா பண்ணுவீங்க?"

அவர் எரிச்சலோடு, "இதுகூட தெரியாதா? ரெண்டு படகைச் சேத்துக் கட்டி, குறுக்கால பலகை போட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அஞ்சலை அக்கா யாரையும் கேட்கவில்லை. கரையிலிருந்த அம்மனை எடுத்தார். நான் ஒரு ஐஸ் குச்சியை ஒடித்து இரண்டு படகுக்கும் குறுக்கே வைத்தேன். அதன்மேல் அக்கா அம்மனை வைத்தார். "இப்ப சொல்லுங்க. அவ எந்தத் தெருப் படகுல போறா?"

பின்னால் யாரோ ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னும் நாலு பேர் போட்டுக்கொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"அது சரி. கயிறு எந்தத் தெருது?"

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அப்போதுதான் முசே, அன்றைக்கு முதல் தடவையாக, வாயால் ஒரு நல்ல காரியம் செய்தார். காலையில் மூக்கு அளந்த நூல் தரையில் கிடந்தது. அதை எடுத்து இரண்டாக மடித்து, ஒரு முனையை ஏழுமலையிடமும் மறுமுனையைக் கலியமூர்த்தியிடமும் கொடுத்தார். "ஆளுக்கு ஒரு பக்கம் முறுக்குங்க. துஸ்மா." முறுக்கினார்கள். அந்தக் கயிற்றால்தான் படகுகளைக் கட்டினோம்.

கூட்டம் கலைந்த பிறகு நான் நுரை வேலைக்கு உட்கார்ந்தேன். படகின் பின்னால் எழுகிற நுரையைப் பஞ்சிலும் வெள்ளைப் பசையிலும் செய்வோம். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு உயிரான படகுத் தடம் என் கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இரண்டு தெருவின் விரலும் சேர்ந்து செய்தது. நான் வரப்பு வரப்பாக வெள்ளை மட்டும் தடவிக்கொண்டு போனேன்.

கடைசியில்தான் அது கண்ணில் பட்டது. இரண்டு தடமும் நேராக வானத்தைப் பார்த்துப் போகின்றன. இரண்டு தெருவும் முன்னால் மட்டும்தான் தள்ளியிருக்கிறார்கள். முன்னால் தள்ளினால் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. வானத்தின் ஓரத்தில், தெற்குத் தெருப் படகின் வலப்பக்கம், குறுக்காக வேறொரு தடம் இருந்தது. ஒரே தள்ளு. நிறுத்தாமல், அவசரப்படாமல், வடக்குத் தெருப் படகை அணைகிற வரைக்கும். அந்தத் தடத்தின் ஆரம்பத்தில், ரெசினுக்குள் சிக்கி மினுங்கிக்கொண்டிருந்தது ஒரு மீன் செதில்.

சங்கரா மீன் செதில். மத்தியானம் நான் சாப்பிட்டது அதைத்தான். அப்பளம் ஞாபகத்துக்கு வந்தது.

இடுக்கியால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதன்மேல் நல்ல தடிமனாக ஒரு அலையைப் போட்டு மூடினேன். வேறு எந்த அலைக்கும் அவ்வளவு பசை நான் செலவழித்ததில்லை. முசே பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "அந்த இடத்துல அவ்ளோ பெரிய அலை வராதே" என்றார். "இந்த ஊர்ல வரும் முசே" என்றேன்.

மறுநாள் நிஜக் கடலில் இரண்டு நிஜப் படகுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். நடுவில் பலகை, பலகைமேல் அம்மன். கரை முழுக்க ஜனம். ஏழுமலையும் கலியமூர்த்தியும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, யார் இறுக்கிக் கட்டினார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

கூட்டத்தில் அஞ்சலை அக்காவைத் தேடினேன். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் மலர். போக்குவரத்துக்கு மறுநாள் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை போலிருக்கிறது. குழந்தை அக்காவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, காற்றில் மணல் என்று முசேவிடம் சொன்னேன்.

பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, ஒரு செதில் இருந்துச்சு. அலை போட்டு மூடிட்டேன்."

"எந்தச் செதிலு?" என்றார் அக்கா, கடலையே பார்த்துக்கொண்டு.

நான் விட்டுவிட்டேன். படகுகள் அலை தாண்டின. கரையில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அக்கா பேரனின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, அவன் காதில் சொல்வது மாதிரி சொன்னார்.

"உங்க முசே சொன்னாப்பலதான் செஞ்சேன். துஸ்மாவாத்தான் தள்ளுனேன்."